ஊசிக்கு முன்னால் கொட்டகையைப் பார், அம்மா

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். ராஜஸ்தானிலிருந்து வந்த சிரோகி ஆடுகளில் இரண்டு செத்துவிட்டன, மீதிக்கு மூக்கில் சளி ஒழுகுகிறது, ஊசி போட்டும் ஒவ்வொன்றாகப் படுக்கின்றன என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் அதே பேச்சுதான். விற்றவர் நோயாட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று மாப்பிள்ளை கொதிக்கிறாராம். நல்ல ஆடுகளாகவே ஏற்றியிருந்தாலும் இது நடந்திருக்கக் கூடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் நான் அதிகம் பார்த்த சாவு இந்த வகைதான்.

சிரோகியிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். வழி நெடுக ஆடு நின்றுகொண்டே வருகிறது. குலுக்கலில் விழாமல் நிற்பதற்கே உடம்பின் சதையெல்லாம் இறுகிக் கிடக்கும். குடிக்கத் தண்ணீர் போதாது, நின்று அசைபோட நிம்மதி கிடையாது, முன்பின் பழகாத ஆடுகளின் முட்டு வேறு. பயமும் களைப்பும் சேரும்போது சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. நாய் துரத்தினால் தப்பி ஓட அது உதவும், பிறகு அடங்கிவிடும். நாள்கணக்கில் அடங்காமல் இருந்தால், கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும். நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா, மேன்ஹீமியா கிருமிகள் எங்கிருந்தோ வர வேண்டியதில்லை, அம்மா. நன்றாக இருக்கும் ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலுமே அவை இருக்கின்றன. உடம்பில் தெம்பு இருக்கும்வரை அடங்கிக் கிடந்தவை, தெம்பு குறைந்ததும் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. லாரியிலிருந்து இறங்கிய ஓரிரு வாரத்துக்குள் இருமல் கிளம்புவது இதனால்தான்.

இறங்கிய இடமும் அவற்றுக்கு ஆறுதலாக அமையவில்லை. ஆரவல்லிப் பக்கத்து வறண்ட காற்றில் வளர்ந்தவை, ஐப்பசி மழையில் வந்து இறங்கியிருக்கின்றன. நீ அனுப்பிய படங்களில், ஆடுகள் நிற்கும் உயரப் பரணின் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தது. சாரல் அடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். ஆனால் பரணுக்கு அடியில் புழுக்கையும் மூத்திரமும் ஊறிக் கிடக்கின்றன. அதிலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை அந்த வாயு கெடுத்துவிடும். விடிகாலையில் உள்ளே போய், ஆட்டின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார். உன் கண் எரிந்தால், ஆடு இரவு முழுவதும் அதைத்தான் சுவாசித்திருக்கிறது. காற்றடிக்கும் பக்கம் மட்டும் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு, கூரையை ஒட்டிய இடைவெளியைத் திறந்துவிடு. அடியில் கிடப்பதை அள்ளி, சுண்ணாம்பு தூவு. வளர்ந்த ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடியாவது வேண்டும். உன் பரணில் அதில் பாதிகூட இல்லை என்றே படத்தில் தெரிகிறது. நெருக்கத்தில் வலுத்தது தீவனத் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். இளைத்தது ஓரத்தில் நின்று மேலும் இளைக்கும்.

பட்டினி கிடந்து வந்தவற்றுக்கு அன்றைக்கே மக்காச்சோளம் நிறைய வைத்ததாகச் சொன்னாய். பாசத்தில் வைத்ததுதான். ஆனால் ஆட்டின் பெருவயிற்றில் தீவனத்தைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக நாள் வேண்டும். திடீரென்று மாவுச்சத்து குவிந்தால் வயிறு புளித்துப்போகும். குடலில் உள்ள கிருமி பெருகி நஞ்சைக் கக்குவதால் துள்ளுமாரி என்னும் நோயும் வரலாம். இனி காய்ந்த தீவனமும் தழையும் முதலில், அடர்தீவனம் கைப்பிடி கைப்பிடியாகப் பிறகு.

எல்லாவற்றையும் பயணக் களைப்பின் மேல் போட்டுவிடவும் நான் சொல்லவில்லை. வாயில் புண், கண்ணில் பீளை, கழிச்சல், கடுங்காய்ச்சல் சேர்ந்து வந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1987இல் நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். அந்த வைரஸ் விலைக்கு வாங்கும் ஆட்டோடு ஊர் விட்டு ஊர் வரும். ஆகவே மருத்துவரிடம் சொல்லி மாதிரி எடுத்து அனுப்பச் சொல். முடிவு தெரியும்வரை பழைய ஆடுகள் பக்கம் இவற்றை விடாதே. தண்ணீர்த் தொட்டியும் தனி, பார்த்துக்கொள்ளும் ஆளும் தனி. தடுப்பூசியை எப்போது போடுவது என்பதையும் அவரிடமே கேள். சோர்ந்த உடம்பில் ஊசிக்கு முழுப் பலன் கிடைக்காது.

சினையாடுகள் இருப்பதாகச் சொன்னாயே, அவற்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வயிற்றில் இரண்டு குட்டி இருக்கும் ஆடு கடைசி மாதத்தில் பயத்தாலோ நெருக்கடியாலோ தீவனத்தைக் குறைத்தால், உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கரைத்துத் தளர்ந்து படுத்துவிடும். குட்டி வீசுவதும் உண்டு. அவற்றைத் தனியே, ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணில் படும்படி கட்டு. கூட்டத்தில் வாழ்ந்த ஆட்டை ஒற்றையாக அடைத்தால் கத்திக் கத்தியே தண்ணீரை மறந்துவிடும்.

அடுத்த முறை வாங்கினால் எட்டயபுரம் சந்தைக்கு வா. கன்னி ஆடும் கொடி ஆடும் நம் கரிசல் வெயிலில் நடந்து மேய்ந்தே உருவானவை. அவற்றுக்கும் நோய் வரும். உங்கள் ஈரத்துக்கு அவையும் பழக வேண்டும்தான். ஆனால் ஒரு பகல் பயணத்தில் உன் தோட்டத்துக்கு வந்துவிடும். அதுவே பாதி நோயைத் தவிர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போதைக்குக் காலையில், வெயில் ஏறும் முன், ஒவ்வோர் ஆட்டுக்கும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுது. 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் சரி. 104ஐத் தாண்டினால் அந்த ஆட்டை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டு. படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணு: நிமிடத்துக்கு 15இலிருந்து 30 வரை இயல்பு. கீழ் இமையைத் திறந்து பார். வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சந்தேகப்படு, புழுக்கையைப் பரிசோதனைக்கு அனுப்பு. மாப்பிள்ளையிடம் விற்றவரோடு சண்டையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல். முதலில் தார்ப்பாயை அவிழ்க்கட்டும்.

மருத்துவர் வந்து போனதும் நோட்டை வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்.

அன்புடன்,
அப்பா