வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே எழுதிக் கொடுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பும் வழக்கம் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வேறு வழியில்லை. 2021 நவம்பரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டுப்பாடம் மட்டும் இன்னும் கைப்பேசியை விட்டு இறங்கவில்லை.

கடந்த வாரம் இரவு கடையைச் சாத்தும் நேரத்தில் ஒரு தாய் ஓடிவந்தார். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வருகிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே தூங்கி வழிந்தாள். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். பள்ளி அனுப்பிய படத்தைத் திறக்க அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. என் கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். "நன்றி மிஸ்", "ஓகே மிஸ்" என்று குவிந்திருந்த செய்திகளைத் தள்ளித் தள்ளித் தேடினார். சாய்வாக எடுத்த படம், கடைசிக் கணக்கில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. "அண்ணா, இது என்ன எண் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். எனக்கும் தெரியவில்லை. குழுவில் கேட்கலாமே என்றேன். "போன தடவை கேட்டதற்கு, குழுவை ஒழுங்காகப் பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நாள் முழுக்க உழைத்துக் கட்டணம் கட்டும் ஒரு தாய் எதற்காகத் தலைகுனிய வேண்டும்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நீங்கள் அறிவீர்கள். எந்தப் பாடத்திட்டமானாலும் ஏழு வயது ஏழு வயதுதானே. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், தயவுசெய்து வகுப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசுப் பாடநூல்களை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ள முடிகிறது. இதயம் எப்படி இயங்குகிறது என்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, அதைப் படமாக வரைந்து காட்டிய பிளஸ் டூ மாணவி என் கடைக்கே வந்திருக்கிறாள். இணைய வசதி கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையை எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்யாமல், எல்லார் வீட்டிலும் இருப்பதாக வைத்துக்கொண்டு பாடம் அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

பிறகு அந்த ப்ராஜெக்ட். தேசியத் தலைவர்கள் என்று தலைப்பு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் அதே படங்களைத்தான் அடித்துக் கொடுக்கிறேன். வெட்டுவது அம்மா, ஒட்டுவது அப்பா. பிள்ளை எழுதுவது தன் பெயரை மட்டும். மருத்துவத் தாவரங்கள் என்று வேப்பிலைப் படம் கேட்டாள் ஒரு சிறுமி. கடை வாசலிலேயே வேப்பமரம் நிற்கிறது. ஒரு கொத்துப் பறித்துக் கொடுத்தேன். "மிஸ் கலர் பிரிண்ட்தான் கேட்டார்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு பிரிண்டுக்கு நான் வாங்கும் 10 ரூபாய் என் பிழைப்புதான். ஆனாலும் அன்று வாங்கக் கை கூசியது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். கேட்பது இதுதான். கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை டைரியில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். மழை விடுமுறைக்கும் வேன் தாமதத்துக்கும் குழு இருக்கட்டும். அனுப்பியே தீர வேண்டிய நாளில் மாலை ஐந்து மணிக்குள் தட்டச்சு செய்து அனுப்புங்கள். செய்தி போய்ச் சேராத வீட்டுப் பிள்ளையை மறுநாள் வகுப்பில் எழுப்பி நிற்க வைக்காதீர்கள். வரும் திங்கட்கிழமையே தொடங்க முடியுமானால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்