பிள்ளைகள் புழங்கும் இடங்களில் இரும்புத் தூண்களின் அடிப்பகுதியை வரைபடத்திலேயே பாதுகாப்பாக அமைக்கக் கோரி மனு

பெறுநர்: பள்ளிக் கட்டடங்களுக்குப் பொறுப்பான செயற்பொறியாளர் அவர்கள்

பொருள்: வெளியே தெரியும் பேஸ் பிளேட் (தூணின் அடியில் பற்றவைக்கும் தகடு), ஆங்கர் போல்ட் (அந்தத் தகட்டை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் போல்ட்) முனைகள் பற்றி

ஐயா, வணக்கம்.

இரும்புத் தூண் நிறுத்திக் கூரை போடும் வேலையில் இருக்கிறேன். விளையாட்டுத் திடலோ சாப்பாட்டுக் கூடமோ, பிள்ளைகளுக்கான எந்த இடத்துக்குக் கூரை போடச் சொன்னாலும் எங்கள் கைக்கு வரும் வரைபடத்தில் தூணின் அடிப்பகுதி மட்டும் ஏதோ ஒரு கிடங்குக்குப் போட்டதை அப்படியே எடுத்து ஒட்டியதாக இருக்கிறது. இதை மாற்றச் சொல்லித்தான் இந்த மனு.

ஒரு சாதாரண 20 மி.மீ. போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்கு மேல் கிரவுட் (தகட்டுக்கு அடியில் நிரப்பும் சிமென்ட் கலவை) 40 மி.மீ., அதற்கு மேல் தகடு 20 மி.மீ., வாஷரும் இரண்டு நட்டும் சேர்ந்து இன்னொரு 40 மி.மீ., ஆக மேல் நட்டு முடியும் இடமே தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேலும் வெட்டாமல் விட்ட மரை (போல்ட்டின் திருகுப் பகுதி) இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நிற்கும். தகட்டின் நான்கு மூலையும் வெட்டிய கூர்மையோடு அப்படியே இருக்கும், தகடு வளையாமலிருக்கத் தூணோடு சேர்த்துப் பற்றவைத்த முக்கோண ஸ்டிஃப்னர் தகடுகள் வேறு. பிள்ளைகள் தூணைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள். அப்படிச் சுற்றும்போது கால் போய்வரும் வட்டத்திலேயே அந்த நான்கு போல்ட்டும் நிற்கின்றன, தடுக்கி விழுந்தால் முழங்காலோ முகமோ அதன் மேல்தான்.

இந்த மரை ஏன் நீளமாக நிற்கிறது என்றால், அஸ்திவாரம் போடுபவர் ஒருவர், தூண் நிறுத்துபவர் இன்னொருவர். மட்டம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் போல்ட்டைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுப் புதைப்பார்கள், அதில் தவறில்லை. அப்புறம் நட்டை முறுக்கி முடித்தபின் மிச்சத்தை வெட்டுவது யார் வேலை என்று வரைபடத்திலும் இல்லை, எஸ்டிமேட்டிலும் இல்லை. எஸ்டிமேட்டில் இல்லாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

விளையாட்டுச் சாதனங்களுக்கு இதற்கெல்லாம் விதி இருக்கிறது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு, நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டக்கூடாது என்கிறது, 20 மி.மீ. போல்ட்டில் அது வெறும் 5 மி.மீ. ஐரோப்பியத் தரமான இஎன் 1176, வெளியே நீட்டும் மரையை நிரந்தரமாக மூடச் சொல்கிறது, சாதனத்தின் அஸ்திவாரத்தைப் பொதுவாகத் தரைமட்டத்துக்கு 400 மி.மீ. கீழே வைக்கச் சொல்கிறது. ஊஞ்சலுக்கு இவ்வளவு பார்க்கும்போது ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே நிற்கும் கூரைத் தூணுக்கு ஏன் எதுவும் இல்லை?

நாங்கள் கேட்பது இதுதான். புதிய வேலைகளில், இடம் இருந்தால் பேஸ் பிளேட்டைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வடிவமைக்கச் சொல்லுங்கள். மேலே மூடும் கான்கிரீட் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், கான்கிரீட்டும் இரும்பும் சேரும் கோட்டில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வேண்டும், தூணின் அந்தப் பகுதிக்குக் கால்வனைசிங்கோ (துத்தநாக முலாம்) தடிப்பான பூச்சோ கட்டாயம். இல்லையென்றால் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே தேங்கி உள்ளுக்குள் அரித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சும்மா செங்கல் கட்டி சிமென்ட் பூசி மூடுவது இதனால்தான் கூடாது.

தரைக்குக் கீழே இறக்க முடியாத இடத்தில் தகட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினால் பெரும்பாலும் ஸ்டிஃப்னர் இல்லாமலே முடிக்கலாம். மூலைகளை வளைவாக வெட்டலாம். சிறிய கூரைத் தூண்களில் கணக்கு இடம் கொடுத்தால் நான்கு போல்ட்டையும் ஐ வடிவத் தூணின் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் (இரு பக்கத் தகடுகளுக்கும்) நடுவில், தூணின் நிழலுக்குள்ளேயே கொண்டுவரலாம். மரையை வெட்டி, வெட்டிய முகத்துக்குத் துத்தநாகப் பெயிண்ட் அடித்து, மேலே குமிழ் மூடி போட வேண்டும். மூடியைக் கருவி வைத்துத்தான் கழற்ற முடிய வேண்டும், கையால் கழன்றால் ஒரே வாரத்தில் காணாமல் போய்விடும்.

உயரமான பெடஸ்டல் (கான்கிரீட் பீடம்) கட்டித் தகட்டை மேலே தூக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் உயரமே சுமார் ஒரு மீட்டர், 80, 90 செ.மீ. பெடஸ்டல் மேல் தகடு வைத்தால் அதன் மூலை நேராகக் கண்ணுக்கும் கழுத்துக்கும் வந்து நிற்கும்.

ஏற்கெனவே நிற்கும் தூண்களுக்கும் ஒரு உத்தரவு வேண்டும், ஆனால் அவசரத்தில் யாரும் கேஸ் கட்டர் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அந்தச் சூடு போல்ட்டுக்கும் கால்வனைசிங்குக்கும் ஆகாது. குளிர்ந்த முறையில் ரம்பத்தால் அறுக்க வேண்டும், நட்டு முழுவதும் மரை பிடித்திருக்க வேண்டும், மேல் நட்டைக் கழற்றிவிட்டு அறுக்கக் கூடாது. திறந்த கூரைக்கு அடியில் காற்று புகுந்து மேலே தூக்கும்போது கூரையைப் பிடித்து நிறுத்துவது இந்தப் போல்ட்டுகள்தான். வேலை முடியும் வரை தூணைச் சுற்றி ரப்பர் உறை போட்டு வைக்கலாம். அதுவும் கழற்றிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும், உறைக்குள்ளே துரு ஏறுவதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

இதையெல்லாம் எஸ்டிமேட்டில் தனி வரியாகச் சேர்த்து, ஒவ்வொரு தூணின் அடியையும் உங்கள் உதவிப் பொறியாளர் குனிந்து கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே இறுதி பில் போகும்படி உத்தரவிட வேண்டுகிறேன். மாதிரி வரைபடம் தயாரிக்க வேலைத்தளத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டால் நான் உட்பட பலர் வரத் தயார்.

இப்படிக்கு,
இரும்புக் கூரை வேலை செய்யும் ஒருவன்