மேரி ஹாப்கின் பத்தி கேட்டியே

வசந்தி,

லெட்டர் கெடச்சுது. அண்ணன் பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், ஆனா அம்மாவோட கால் வலி எப்படி இருக்குன்னு நீ எழுதவே இல்ல. இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவன் வேலைல சேந்துட்டான்.

"தோஸ் வேர் த டேஸ்" பாடுன பொண்ணு என்ன ஆனா, ஒரே பாட்டோட காணாம போயிட்டாளான்னு கேட்டிருந்த. காணாம போகலடி, அவங்களா வெளில வந்தாங்க. ஃபீல்ட் அவுட்னு யாராவது சொன்னா எனக்கு மனசே ஆற மாட்டேங்குது.

மேரி ஹாப்கின் பொறந்தது 1950ல, வேல்ஸ்ல பொன்டர்டாவேங்கற சின்ன ஊர்ல. வெல்ஷ் மொழில நாட்டுப்புற பாட்டெல்லாம் பாடிட்டு இருந்தவங்க. 1968ல டிவில ஒரு திறமைப் போட்டில பாட, அத பாத்த மாடல் ட்விக்கி போய் பீட்டில்ஸ் இசைக்குழு பால் மெக்கார்ட்னி கிட்ட சொல்ல, பீட்டில்ஸ் அப்பதான் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ்னு சொந்தமா இசைத்தட்டு கம்பெனி ஆரம்பிச்சிருந்த நேரம், உடனே லண்டனுக்கு கூப்ட்டுட்டாங்க. அந்த ஆகஸ்ட்லயே பாட்டு வந்து, பீட்டில்ஸோட "ஹே ஜூட்"டையே எறக்கிட்டு இங்கிலாந்துல ஆறு வாரம் நம்பர் 1. அமெரிக்கால ஹே ஜூட் எறங்கவே இல்ல, அதனால அங்க 2.

மெட்டு ரஷ்யாவுது, போரிஸ் ஃபோமின் போட்டது. இங்கிலீஷ்ல எழுதுனவர் ஜீன் ராஸ்கின். கடைசில ஒரு எடம் வரும் பாரு, ரொம்ப வருஷம் கழிச்சு பழைய மதுக்கடை வாசல்ல நின்னு கண்ணாடில தெரியற முகத்த பாத்து, இந்த தனியா நிக்கற பொம்பள நானேதானான்னு கேக்கறது. பாடும்போது அவங்களுக்கு 18 வயசு. கெழவி மாதிரி குரல நடுங்க வெக்கல, அழவும் இல்ல, நேரா தெளிவா பாடிட்டு போறாங்க, அதுலதான் நமக்கு தொண்ட அடைக்குது. இத சொல்லிக் குடுத்து வர வெக்க முடியாதுன்னு நான் நெனைக்கறேன்.

அடுத்த வருஷம் மெக்கார்ட்னியே எழுதிக் குடுத்த "குட்பை" நம்பர் 2 வரைக்கும் போச்சு, அப்பவும் மேல உக்காந்திருந்தது பீட்டில்ஸ்தான்! 1970ல யூரோவிஷன்ங்கற ஐரோப்பிய நாடுகளோட பாட்டுப் போட்டில ரெண்டாவது எடம், ஜெயிச்சது அயர்லாந்து டானா. ஆனா அந்த யூரோவிஷன் பாட்டு தனக்கு சுத்தமா புடிக்கலன்னு அவங்களே பின்னாடி சொல்லிருக்காங்க. நாட்டுப்புற பாட்டு பாடணும்னு ஆசப்பட்ட பொண்ண சிரிச்சுட்டே துள்ளல் பாட்டு பாட வெச்சா எத்தன நாள் தாங்கும் சொல்லு.

1971ல "எர்த் சாங், ஓஷன் சாங்"னு ஒரு ஆல்பம், டோனி விஸ்கான்டி தயாரிப்பு, முழுக்க அவங்க மனசுக்கு புடிச்ச மாதிரி. பெருசா ஓடல. அதே வருஷம் விஸ்கான்டிய கல்யாணம் பண்ணிட்டு, கொழந்தைங்க, குடும்பம்னு அந்த பரபரப்ப விட்டுட்டாங்க. பாடறத விடல. 1977ல ராக் பாடகர் டேவிட் போவியோட "சவுண்ட் அண்ட் விஷன்" கேளு, போவி வாய தொறக்கறதுக்கு முன்னாடியே வார்த்தையே இல்லாம ஒரு பொண்ணு குரல் வந்துட்டு போகும், அது இவங்கதான். எத்தனயோ பேர் அந்த பாட்ட வருஷக்கணக்கா கேட்டிருப்பாங்க, யாருன்னே தெரியாம.

1972ல ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல பாடுன கச்சேரி 2005லதான் ஆல்பமா வெளிய வந்துச்சு, அதுவும் அவங்க பேர்லயே அவங்க குடும்பத்துல நடத்தற கம்பெனி மூலமா. பழைய ஹிட்டுக்கு மேல எவ்ளோ இருக்குன்னு அதுல தெரியும்.

நீ மொதல்ல 1971 ஆல்பத்த கேளு, ஹெட்ஃபோன் போட்டு, வேல பாத்துட்டே கேக்காத. உனக்கு எந்த பாட்டு புடிச்சுதுன்னு எழுது. அம்மா கால் பத்தியும் எழுதுடி, டாக்டர் என்ன சொன்னாருன்னு.

உன்
கமலா