கிளப் கோப்பையை வைத்துக் கவுண்டியை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டையால் பந்தடித்து ஆடும் அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டப் பருவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலிகன்னர் மாதிரி ஒரு கிளப்பை வைத்துக்கொண்டு, கிளப்களிலிருந்து ஆள் எடுக்கும் வாட்டர்ஃபோர்டு கவுண்டி (மாவட்ட) அணி ஏன் கரையேறவில்லை என்று கேட்ட கட்டுரையாளர், கடைசியில் வீரர்களின் மன உறுதியில் குறை கண்டிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கோளாறு ஆட்ட அட்டவணையிலும் ஆள் பலத்திலும் இருக்கிறது.

பாலிகன்னரின் பெருமையில் சந்தேகமில்லை. 2014 முதல் 2025 வரை வாட்டர்ஃபோர்டு கிளப் பட்டம் அவர்களிடமேதான் இருந்தது. 2022 பிப்ரவரியில் அகில அயர்லாந்து கிளப் இறுதியில், ஹாரி ரட்டில் கடைசி நொடியில் அடித்த கோலால் பாலிஹேல் ஷாம்ராக்ஸை 2-17, 1-19 என்று வென்றார்கள். (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி; ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. ஆக 23-22.) ஆனால் தென் மாகாணமான மன்ஸ்டரின் போட்டியில் ஆடும் ஐந்து கவுண்டிகளும் ஒன்றோடொன்று மோதும் சுற்று முறை 2018இல் வந்தபின், 2025 வரை வாட்டர்ஃபோர்டு ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை.

ஒரே கிளப் இத்தனை ஆண்டு தொடர்ந்து பட்டம் வெல்கிறது என்றால், அந்தக் கவுண்டியில் அதற்குச் சமமான எதிரி இல்லை என்றும் அர்த்தம். பாலிகன்னரிலிருந்து ஐந்தாறு பேர் கவுண்டி அணிக்கு வந்தாலும், மீதி ஒன்பது பத்து இடங்களையும் மாற்று வீரர்களையும் மற்ற கிளப்களிலிருந்துதான் நிரப்ப வேண்டும். மன்ஸ்டரில் ஐந்தே வாரத்துக்குள் நான்கு ஆட்டங்கள். பதினைந்து பேர் போதாது. தரம் குறையாத இருபது, இருபத்திரண்டு பேர் வேண்டும். சுற்று முறை நிறுத்திவைக்கப்பட்டு, மன்ஸ்டர் போட்டி நாக்-அவுட்டாக நடந்த 2020இல் இதே வாட்டர்ஃபோர்டு அகில அயர்லாந்து இறுதிவரை போனது. அப்போது மேலாளர் லியம் காஹில். 2025இல் டிப்பரரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்!

இன்னொன்று, கிளப் ஆட்டமும் கவுண்டி ஆட்டமும் ஒன்றல்ல. கிளப் ஆட்டம் 60 நிமிடம், கவுண்டி ஆட்டம் 70. 2022 முதல் கவுண்டிப் பருவம் ஜூலையோடு முடிந்துவிடுகிறது. கிளப் பருவத்தின் முக்கிய கட்டம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. குளிர்காலத்தில் ஈரம் ஏறிய தரையில் பந்து எழும்பாது. மட்டையால் முதல் தொடுதலிலேயே எடுக்க வேண்டிய பந்து இரண்டாம் தொடுதலுக்குப் போகும், அதற்குள் மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். 2024 ஜனவரியில் கிளப் இறுதியில் செயின்ட் தாமஸ், ஓலாக்லின் கேல்ஸை 0-18, 0-17 என்று வென்றது. இரு தரப்பிலும் ஒரு கோல்கூட இல்லை. அதே ஆண்டு ஜூலையில் கவுண்டிகளின் இறுதியில் கிளேர் கார்க்கை 3-29, 1-34 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. சேறு படிந்த மைதானத்தில் தோள் கொடுத்து ஜெயிப்பவர், கவுண்டி இறுதி நடக்கும் வறண்ட க்ரோக் பார்க் மைதானத்தில் அதே வேகத்தில் ஓடுவார் என்று எப்படிச் சொல்வது? இதில் வேறொரு தொல்லையும் உண்டு. கிளப் இறுதி ஜனவரி நடுவில், கவுண்டிகளின் தேசிய லீக் தொடங்குவது அதே மாதக் கடைசியில். கடைசிவரை போகும் கிளப்பின் வீரர்கள் ஓய்வெடுக்கப் போகும்போது கவுண்டிப் பயிற்சி பாதி முடிந்திருக்கும்.

லீக் முடிவை வைத்துச் சொல்லலாமா என்றால், அதுவும் பாதிதான். 2023இல் லிமரிக், 2024இல் கிளேர் இரண்டும் லீக்கையும் அகில அயர்லாந்தையும் சேர்த்தே வென்றன. 2022இல் லீக்கை வென்ற வாட்டர்ஃபோர்டு மன்ஸ்டரைத் தாண்டவில்லை.

கட்டுரையாளர் கார்க் பற்றி எழுதியதில்தான் எனக்குப் பெரிய வருத்தம். 2025 அகில அயர்லாந்து இறுதியில் டிப்பரரியிடம் தோற்றதை வெறும் 'சரிவு' என்று முடித்துவிட்டார். 2025 ஏப்ரலில் லீக் இறுதியில் கார்க் டிப்பரரியைப் பத்துப் புள்ளியில் வீழ்த்தியது. அதே மாதம் சாம்பியன்ஷிப்பில் பதினைந்து புள்ளி வித்தியாசம். ஆனால் அந்த இரண்டாவது ஆட்டத்தில் டிப்பரரியின் டாரா மெக்கார்த்தி, பந்து போடப்படும் முன்பே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். முழு ஆட்டத்தையும் பதினான்கு பேரோடு ஆடிய அணியின் தோல்வியைத் திறமைக் கணக்கில் எழுத முடியாது.

ஜூலையில் நடந்த இறுதியாட்டத்தில் காஹில் செய்தது எளிய மாற்றம். பிரையன் ஓ'மாராவைக் கூடுதல் தடுப்பாளராகப் பின்னால் நிறுத்தினார். கார்க்கின் பலமே, கோல்கீப்பரும் தடுப்பாளர்களும் நீளமாக அடிக்கும் பந்தை உயரமான பிரையன் ஹேய்ஸ் பிடித்து, அல்லது தட்டிவிட்டு, கோலாக்குவது. அரையிறுதியில் டப்ளினுக்கு ஏழு கோல் போட்டார்கள். பந்து விழும் இடத்தில் ஓர் ஆள் அதிகமாக நின்றதும் அந்த வழி அடைபட்டது. பதிலுக்கு, டிப்பரரி முன்களத்தில் ஓர் ஆள் குறைவதால் கார்க் தடுப்பில் ஒருவர் சும்மா நிற்பார். அவரை முன்னே ஏற்றி நிதானமாகப் பந்து கடத்தியிருக்க வேண்டும். முதல் பாதியில் கார்க்குக்கு 1-16, 0-13 என்று ஆறு புள்ளி முன்னிலை இருந்ததால் அது உறைக்கவில்லை போலும். இரண்டாம் பாதியில் டிப்பரரி 3-14, கார்க் வெறும் 0-2! கார்க்கின் ஓவன் டவுனி வெளியேற்றப்பட்டதும், அவர்களின் பெனால்டியை டிப்பரரி கோல்கீப்பர் ரீஸ் ஷெல்லி தடுத்ததும் கதையை முடித்தன. ஏப்ரலில் வெளியேறிய அதே மெக்கார்த்தி 1-13 அடித்தார். அவர் அப்போது இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு அந்தக் கோப்பையும் டிப்பரரிக்கே. முந்தைய ஆண்டு மன்ஸ்டரில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத கவுண்டி மீண்டதற்குக் காரணம் தேடுவோர் இளையோர் பட்டங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும். அந்த வகையில் ஆஃபலியைக் கவனிக்கச் சொல்வேன்: 2024இல் இருபது வயதுக்குட்பட்டோர் பட்டம், இரண்டாம் நிலைக் கவுண்டிகளுக்கான ஜோ மெக்டொனா கோப்பை இரண்டையும் சேர்த்து வென்றவர்கள். கிழக்கு மாகாணமான லென்ஸ்டரின் போட்டியில் நிலைபெற இன்னும் நாளாகலாம். அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது.

லிமரிக்கையும் முடிந்த கதை என்று எழுதியிருப்பது மிகை. 2025 மே மாதம் கார்க்கைப் பதினாறு புள்ளியில் நொறுக்கி, மூன்று வாரத்தில் மன்ஸ்டர் இறுதியில் அதே கார்க்கிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்று, பிறகு பதினான்கு பேரோடு ஆடிய டப்ளினிடம் வீழ்ந்தார்கள். கூடுதல் நேரமும் பெனால்டியும் ஆடி இரண்டு வாரத்தில் காலிறுதி ஆடும் கால்கள் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டாமா?

ஒரு வேண்டுகோள். உங்கள் புள்ளிப் பட்டியலில் கூட்டுத் தொகையை மட்டும் போடுகிறீர்கள். கோலையும் புள்ளியையும் பிரித்துப் போடுங்கள். முடிந்தால் வெளியே போன அடிகள், சிவப்பு அட்டை, கோல்கீப்பரின் பக்-அவுட்டில் (பந்தை மீண்டும் ஆட்டத்துக்குள் அடிப்பதில்) எத்தனை சொந்த அணிக்கே கிடைத்தன என்ற கணக்கு ஆகியவற்றையும் சேருங்கள். ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு முப்பதுக்கு மேல் பக்-அவுட் வருகிறது. அதில் பாதியை இழக்கும் அணியை நான் எந்தக் கோப்பைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டப்ளின்.