கேரியரில் பெட்டி ஆடாமல் நிற்க வழி சொன்னவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி மாட்டப்போகிறோம் என்றதும் எல்லார் கண்ணிலும் பெட்டிதான் நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக நாலு பலகை, அடியில் ஒன்று, அரை நாள் வேலை. உண்மையில் பெட்டி செய்வதில் யாரும் தோற்பதில்லை. பெட்டியின் அடிப்பலகைக்கும் கேரியர் கம்பிக்கும் நடுவில் இருக்கிற அரை அங்குலத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. அந்த அரை அங்குலத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள். வெறுமனே நன்றி என்று எழுதி முடித்தால் மனசு ஆறாது. யார் என்ன சொன்னீர்கள், அது ஏன் சரி என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். நாளைக்கு பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ இன்னொருவர் பெட்டி மாட்டும்போது இந்த மடல் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் நன்றி சைக்கிள் கடை அண்ணனுக்கு. “பெட்டியை ஓரமா வையிங்க, மொதல்ல கேரியரைப் பாப்போம்” என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் பாதி வேலையைக் காப்பாற்றியது. 28 அங்குல சைக்கிளில் கேரியரின் கால்கள் பின் அச்சில் நிற்கும், முன்பக்கம் சீட்டுக்குக் கீழே கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கும். பாரத்தைச் சுமப்பது கால்கள்தான் என்றாலும், கேரியர் பின்னால் சாயாமல் பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்ன கிளாம்ப். அது தளர்ந்தால் முழுக் கேரியரும் அச்சைச் சுற்றிக் கதவு மாதிரித் திரும்பும். பெட்டி பின்னால் சாய்வதற்கு அநேகமாக இதுதான் காரணம், பெட்டியின் மேல் பழி போடுவதில் பயனில்லை. கேரியரின் வாலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கிளாம்ப் இருக்கும் இடத்தில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முறுக்க வேண்டும், மறை தேய்ந்திருந்தால் போல்ட்டையே மாற்ற வேண்டும். அடுத்து கால்களின் அடிமுனையைப் பார்க்க வேண்டும். கம்பியைத் தட்டையாக அடித்துத் துளை போட்ட இடம் அது. பெயின்ட் மெல்லிசாகக் கீறி, கீறலுக்குள் துருக்கோடு தெரிந்தால் உள்ளே இரும்பு விரிசல் விட்டிருக்கலாம். அந்தக் கேரியரில் பெட்டி ஏற்றவே கூடாது.

பின்சக்கரத்தையும் அவர் சும்மா விடவில்லை. பழைய மாதிரி சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பின்னால்தான் பாரம் என்று தெரிந்தே வைத்த கணக்கு. அதில் நாலைந்து தளர்ந்து கிடந்தால் மற்றவை கூடுதலாக இழுபட்டு ஒவ்வொன்றாக அறும். ஆகவே பெட்டி மாட்டும் முன் போக்ஸை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்துவிடுவது நல்லது. புதுமாதிரி சைக்கிள்களின் அலுமினியக் கேரியரில் 25 கிலோ என்று அச்சடித்திருப்பார்கள். பெட்டியின் எடையும் அந்த 25-க்குள்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

அடுத்து ஆசாரி அண்ணன். தேக்கில் செய்யலாமே என்ற ஆசை இந்தப் பக்கத்தில் யாருக்கும் வரும். இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு துண்டு துண்டாகக் கிடைக்கிற ஊர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய பித்தளைக் கீலும் நாதாங்கியும் கண்ணைப் பறிக்கும். அவர் ஒரே கணக்கில் ஆசையை அடக்கினார். 16 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 10 அங்குல உயரமுள்ள பெட்டியை முக்கால் அங்குலத் தேக்கில் செய்தால் பெட்டி மட்டுமே ஆறு கிலோவைத் தொடும். அதே பெட்டிக்கு அடியில் 12 மில்லிமீட்டர், சுற்றிலும் 9 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் கட்டை, போல்ட் எல்லாம் சேர்ந்தும் நாலு கிலோவுக்குள் நிற்கும். அந்த இரண்டு கிலோவும் சரக்குக்கு மிச்சம். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பார்த்து வாங்கச் சொன்னார், அது தண்ணீர் தாங்கும் மரைன் வகை. 303 முத்திரை வீட்டுக்குள் போடும் அலமாரிக்குச் சரி, மழையில் நிற்கும் பெட்டிக்கு வேண்டாம். தேக்குதான் வேண்டும் என்று நிற்பவர்கள் அரை அங்குலத்துக்கு இழைத்துக்கொள்ளட்டும். அறுக்கும் முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். பழைய மரத்துக்குள் ஒடிந்து கிடக்கும் ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

மூலை சேர்ப்பதில் அவர் கொடுத்த புத்தி இது. பிளைவுட்டின் விளிம்பில் ஸ்குரு ஏற்றாதே. விளிம்பில் ஏறும் ஸ்குரு அடுக்குகளைப் பிளந்துகொண்டுதான் போகும், பிடிமானம் இருக்காது. மூலைக்கு உள்ளே ஓரங்குலச் சதுர ரீப்பர் கட்டையை நிறுத்தி, தண்ணீர் தாங்கும் பசை தடவி, வெளியிலிருந்து ஓரங்குல ஸ்குரு. பலகைக்கு 9 மில்லிமீட்டர் போக மீதி 16 கட்டைக்குள் இறங்கும். முன்கூட்டி இரண்டரை மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டால் கட்டை வெடிக்காது. ஆணி வேண்டவே வேண்டாம். சரளைச் சாலைக் குலுக்கலில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி, ஒரு நாள் சேலைத் தலைப்பில் மாட்டும்.

இனி அந்த அரை அங்குலம். இதற்கு நன்றி வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு. கட்டுக்கம்பி, கேபிள் டை, தேங்காய்நார்க் கயிறு என்று வழக்கமாகப் போடும் மூன்றையும் அவர் ஒதுக்கிவிட்டார். கட்டுக்கம்பி கேரியரின் பெயின்ட்டை அரம் போல அராவும், தானும் அறும். கேபிள் டை நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் மொறுமொறுப்பாகிப் பட்டென்று விடும். கயிறு மழையில் நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். அவர் சொன்ன வழியில் இரண்டு இரும்புப் பட்டையும் நாலு போல்ட்டும் போதும்.

பட்டை 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம். கேரியரின் வெளிக் கம்பிகள் இரண்டையும் தாண்டி இருபுறமும் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு வெட்ட வேண்டும். கேரியர் மேலிருக்கும் ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள், அது இருந்தால் பெட்டி அதன்மேல் ஏறி ஊஞ்சலாடும். பழைய செய்தித்தாளைக் கேரியர் மேல் விரித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் கம்பிகளின் தடம் பதியும். அந்தத் தாளை அடிப்பலகையில் ஒட்டி, அதன் மேலேயே துளைக் குறி போடலாம். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஆறரை மில்லிமீட்டர் துளை.

துளை எங்கே வருகிறது என்பதில்தான் சூட்சுமம். போல்ட் ஒவ்வொன்றும் வெளிக் கம்பியின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு இறங்க வேண்டும். அப்போது நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் பெட்டி இடம் வலமாக நகர முடியாது, கம்பியே தடுக்கும். முன்பின்னாக நகர்வதைத் தடுக்க ஒரு பட்டையைக் குறுக்குக் கம்பிக்கு ஒட்டிப் பின்னாலும், இன்னொன்றை வேறொரு குறுக்குக் கம்பிக்கு ஒட்டி முன்னாலும் வைக்க வேண்டும். இரண்டு பட்டைக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. கிட்டக்கிட்ட வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டி தலையாட்டும்.

பெட்டியைக் குறுக்கே வைக்க வேண்டும். 16 அங்குலம் இடமிருந்து வலமாகவும் 12 அங்குலம் முன்பின்னாகவும் வர வேண்டும். நீளவாக்கில் வைத்தால் பாரம் பின் அச்சைத் தாண்டிப் போய்விடும். முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும், மேடு ஏறும்போது தெரியும் வித்தியாசம். குறுக்கே வைத்தாலும் ஹேண்டில்பாரைவிட அகலம் குறைவுதான், சந்தில் இடிக்காது. சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே, ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கிய நிலையில், இரண்டு விரல் நுழைய வேண்டும்.

குறுக்கே வைப்பதால் பெட்டி கேரியருக்கு வெளியே இருபக்கமும் துருத்தும். அடிப்பலகை தொங்காமல் இருக்க, உள்ளே பட்டைகளுக்கு நேர் மேலே 12 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு ரீப்பர்களை இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒட்டி, போல்ட்டை அதன் வழியே இறக்குங்கள். போல்ட்டின் நீளத்தை இப்படிக் கணக்குப் போடலாம்: ரீப்பர் 12, பலகை 12, கம்பி 10, பட்டை 3, வாசர்கள் 3, நட்டு 6, வெளியே தெரியும் மறை 2. கூட்டினால் 48 வரும், 50 மில்லிமீட்டர் போல்ட் வாங்குங்கள். கடையில் 75 தான் இருக்கிறது என்று அதை வாங்கி மாட்டினால், நுனி மட்கார்டில் இடிக்கும். பாரம் ஏறி மட்கார்டு அதிரும்போது தகரம் ஓட்டையாகும். போல்ட்டின் தலை உருண்டையாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும் வகை நல்லது. கழுத்து மரத்தைக் கவ்வுவதால் மேலே ஸ்பேனர் பிடிக்கத் தேவையில்லை, தலை உருண்டை என்பதால் பையும் கிழியாது. நட்டு, உள்ளே நைலான் வளையம் இருக்கும் லாக் நட்டாக இருக்கட்டும். கம்பியில் பழைய டியூப் ரப்பர் ஒரே சுற்று போதும். மெத்தை மாதிரி மூன்று சுற்று போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் இறுகின மாதிரித் தெரியாது.

மரம் அமுங்கும், இரும்பு அமுங்காது. அதனால் முதல் நாள் எவ்வளவு முறுக்கியிருந்தாலும் மூன்றாம் நாள் கால் சுற்றாவது நட்டு இடம் கொடுக்கும். அப்போது ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை முறுக்கினால் போதும். பலமுறை கழற்றி மாட்டிய லாக் நட்டைத் தூக்கிப்போடுங்கள், நைலான் தேய்ந்தபின் அது சாதா நட்டுதான்.

வேட்டி கட்டிய ஐயா ஒருவர் பெட்டியைப் பார்த்ததும் கேட்ட கேள்வி: “இதுல நான் எப்படி ஏறுவேன்?” பாருக்கு மேலாகக் காலை விசிறி, பின்பக்கமாகச் சுற்றி ஏறிப் பழகியவர்களுக்குப் பெட்டியின் உயரம் ஒரு மதில். 10 அங்குலத்துக்கு மேல் போகாதே என்பது அவர் தீர்ப்பு, அதுவே எங்கள் அளவானது. கூடவே இன்னொன்றையும் கவனித்தார். டபுள் ஸ்டாண்டு போடும்போது கை தானாகக் கேரியரைத்தான் பிடிக்கும், அந்த இடத்தை இப்போது பெட்டி மறைத்துக்கொண்டது. பின்பலகையில் மேல்விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே, நாலு விரல் நுழையும் நீள்துளை போட்டு விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் அதுவே கைப்பிடி. சரக்கோடு தூக்காதீர்கள், ஸ்டாண்டு போட்டபின் ஏற்றுங்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்டு சைக்கிளில் ஏற்றும்போது ஒரு ஆள் பிடித்தே ஆக வேண்டும். ஐயாவுக்கு எங்கள் வணக்கம்.

பலகாரம் செய்யும் ஆச்சிக்குத் தனி நன்றி. முறுக்கு உடைவது பெட்டி ஆடுவதால் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆச்சி சொன்னது வேறு. சம்படத்துக்குள் மேலே காலியிடம் விட்டால் எந்தப் பெட்டியிலும் உடையும். மேல்வரை நிரப்பி, மிஞ்சும் இடத்தில் தாளைக் கசக்கி அடைத்து மூட வேண்டும். பெட்டிக்குள் அடியில் மடித்த சாக்கு ஒன்று, சம்படங்களுக்கு நடுவே துணி. எடையான எண்ணெய்த் தூக்கு அடியில் முன்னால், மணகோலப் பலகாரம் மேலே, பனையோலைக் கொட்டான் எல்லாவற்றுக்கும் மேலே. அதிரசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது எதையும் தாங்கும். தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஏற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பார்வைக்குச் சின்ன அடுக்காகத்தான் தெரியும், பெட்டி பாதி நிறையும் முன்பே கேரியரின் அளவு தாண்டிவிடும். அதற்கு ஆட்டோ இருக்கிறது.

துரு விஷயத்தில் உதவியவர்களையும் மறக்கவில்லை. 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியில், அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிப்பது, என்பது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் புழங்கும் சொல் இல்லை. பித்தளை ஸ்குருவையும் இரும்புப் பட்டையையும் நேரடியாகத் தொடவிடாதீர்கள் என்று தடுத்தீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். பட்டைக்கு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அது காய்ந்தபின் எனாமல் இரண்டு. துளை போட்டபின் பெயின்ட் அடிக்க வேண்டும், அடித்தபின் துளை போட்டால் துளைக்குள் துரு பிடிக்கும். பிளைவுட்டின் வெட்டு விளிம்பு தண்ணீர் குடிப்பதில் கெட்டி, அங்கே மட்டும் மூன்று பூச்சு. அடிப்பலகையின் நாலு மூலையிலும் 8 மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்று இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி தொட்டியாகாமல் இருக்க அதுதான் வழி.

பின்பலகையில் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டச் சொன்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நன்றி. மட்கார்டில் இருப்பதைப் பெட்டி மறைப்பது உங்கள் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

சைக்கிள் கடை அண்ணே, நட்டு முறுக்க நீங்கள் கொடுத்த 10-ம் நம்பர் ஸ்பேனர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் முறுக்கு முடிந்ததும் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
பெட்டி மாட்டியவர்கள்,
காரைக்குடி