கண்காட்சி போடப்போற மியூசியம்காரருக்கு ரொறன்ரோ ஸ்காபுரோவில இருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம். கனடாத் தமிழர் வந்த கதையை கண்காட்சியா வைக்கப்போறம், பழைய சாமான் இருந்தா தாங்கோ எண்ட உங்கட அறிவிப்பு இங்க வாட்ஸ்அப் எல்லாம் சுத்தித் திரியுது. உண்மையா சந்தோசம். உங்கட குழுவில எங்கட ஆக்களும் இருக்கினம் எண்டபடியா தமிழிலயே எழுதுறன்.

நீங்கள் கேட்ட லிஸ்டைப் பாத்தன், குத்துவிளக்கு, வீணை, கூறைச்சேலை, பரதநாட்டிய உடுப்பு. வையுங்கோ, வடிவாத்தான் இருக்கும். ஆனா இலங்கையில நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்த சனம் வீணையைத் தூக்கிக்கொண்டு வரேல்ல. ரொறன்ரோ சென்ட் ஜேம்ஸ் டவுன் அப்பார்ட்மென்டுகளில ஒரு அறைக்குள்ள நாலைஞ்சு பேரா இருந்து, ஒராள் நைட் ஷிஃப்ட் முடிச்சு வர மற்றாள் எழும்பி இடம் விட்டு, ரெஸ்டோரண்டில கோப்பை கழுவி, விடியக் காலமை ஸ்னோவுக்குள்ள பேப்பர் போட்டு, அப்பிடித்தான் தொடங்கினது. எங்கட அம்மாட்ட ஒரு பிஸ்கட் ரின் நிறைய சுரண்டின ரெலிபோன் கார்ட் கிடக்கு, எறிய விடமாட்டா. ஒவ்வொண்டின்ர பின்பக்கமும் பேனையால எத்தின நிமிசம் மிச்சம் எண்டு குறிச்சிருக்கிறா, சிலதில ஊரில ஒரு கடையின்ர நம்பர், அங்க அடிச்சு சொன்னா அம்மம்மாவை கூட்டிவந்து விடுவினமாம். இன்னொரு வீட்டில சீட்டுக் கொப்பி இருக்கும், எந்த மாசம் ஆர் எவ்வளவு கழிவுக்கு எடுத்தது எண்டு. இங்க எத்தினையோ பேரின்ர முதல் வீட்டு டவுன் பேமென்ட் அந்தக் கொப்பிக்குள்ளதான் இருக்கு.

கப்பல் கதையை பூசி மெழுகாதேங்கோ. 1986 ஓகஸ்ட்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு லைஃப்போட்டில தத்தளிச்ச 155 தமிழரை கஸ் டால்டன் எண்ட மீன்பிடி கப்டன்தான் கண்டு காப்பாத்தினவர், அது எல்லாருக்கும் பிடிச்ச பகுதி. அவை முதல் இந்தியாவில இருந்து வந்தம் எண்டு சொல்லி, பிறகு மேற்கு ஜேர்மனியில இருந்து எண்டு தெரியவர பேப்பருகள் கிழிச்சுத் தொங்கவிட்டதும் இருக்குத்தானே. 2010இல சன் சீ கப்பலில வந்த 492 பேரை, குழந்தை குஞ்சுகளோட, தடுப்பில வைச்சதும் இந்த நாடுதான். 2016இல ஜனவரியை தமிழ் மரபுத் திங்கள் எண்டு பாராளுமன்றத்தில ஏத்ததும் இதே நாடுதான். ரெண்டையும் ஒரே சுவரில போடுங்கோ, பாக்கிற சனம் தானா யோசிக்கும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். உங்கட போர்ம் இங்கிலீசில, ஒன்லைனில, போட்டோவும் அப்லோட் பண்ண வேணும். நீங்கள் தேடுற சாமானெல்லாம் எழுபது எண்பது வயசு ஆக்களின்ர பேஸ்மென்ட்டில கிடக்கு, அவை அந்தப் போர்மை வாழ்நாளில நிரப்பமாட்டினம், வீடு வித்து கொண்டோவுக்கு மாறேக்க பிள்ளையள் எல்லாத்தையும் கார்பேஜில போட்டிடுவினம். (போட்டுக்கொண்டுதான் இருக்கினம்.) வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்கோ. ஜூலை ஓகஸ்ட்டில பார்க் பார்க்கா ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒன்றுகூடல் வைச்சு கூழ் காய்ச்சுவினம், அங்க தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளையை ஒரு மேசையும் ரெக்கோர்டரும் குடுத்து இருத்துங்கோ. பழம்பொருள் இருக்கோ எண்டு கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவினம், வரேக்க பையில என்ன கொண்டு வந்தனீங்கள் எண்டு கேளுங்கோ, பிறகு நிப்பாட்ட ஏலாது.

சாமானை தானமா கேக்காதேங்கோ, இரவலா கேளுங்கோ, கண்காட்சி முடிய திருப்பித் தாறம் எண்டு தமிழில எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ. விளக்கம் எழுதிற பலகையில தமிழும் பெரிய எழுத்தில வேணும். ஒண்டு மட்டும் கெஞ்சிக் கேக்கிறன், தமிழ் மரபுத் திங்கள் எண்டு சொல்லி திறப்பு விழாவை ஜனவரியில வைக்காதேங்கோ, அந்தக் குளிருக்கையும் ஐஸுக்கையும் அமைச்சர்மார் வருவினம், சாமான் தந்த கிழடுகள் ஒண்டும் வராதுகள்.