பெரியவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் அன்ரிக்கு

அன்புள்ள அன்ரி,

"சின்னவன் பிறந்ததிலிருந்தே பயந்த சுபாவம், அதுதான் குண்டு வெடித்த பிறகு அவனுக்கு இப்படி, பெரியவனும் அன்றைக்கு அதே கோயிலில்தானே நின்றவன், அவனுக்கு ஒன்றுமில்லையே" என்று உங்கள் இரண்டு மகன்மாரையும் பற்றி வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறீர்கள், சின்னவன் பக்கத்து அறையில் இருக்கும்போதே சொல்கிறீர்கள். இதைப் பொதுவில் எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன், சரி என்றான். நம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இதே கதையைச் சொல்லும் அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை, அதை மறைக்க மாட்டேன். உளவளத்துணை வேலையில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆளின் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பார்க்கும் வழக்கம் உளவியலில் உண்டு. அதில் ஒன்று நியூரோட்டிசிசம்: சின்னதுக்கும் மனம் பதறுவது, ஒரு கவலை வந்தால் லேசில் விடாமல் ஒட்டிக்கொள்வது. இது கூடியவர்களுக்குப் பேரிடருக்குப் பிறகு பிடிஎஸ்டி, அதாவது மனவடு நோய், வரும் சாத்தியம் அதிகம் என்று ஆய்வுக்கு ஆய்வு வந்திருக்கிறது. கலகலப்பும் ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்களிடம் அது கொஞ்சம் குறைவு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சம்பவம் நடந்த பிறகு ஆளை அளந்தவை, அன்ரி. நித்திரை இல்லாமல், சத்தத்துக்கெல்லாம் துள்ளி எழும் ஒருவனிடம் போய் "நீ பதறுகிற ஆளா" என்று கேட்டால் ஆம் என்றுதானே சொல்லுவான்? அது அவன் சுபாவமா, நோயா என்று எப்படிப் பிரிப்பது?

அதனால்தான் முதலிலேயே அளந்துவிட்டுக் காத்திருந்த ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவின் மிச்சிகனில் நவோமி பிரெஸ்லோ இருபதுகளில் இருந்த ஆயிரம் பேர் வரையில் 1989-இல் அளந்து, 10 வருடம் பின்தொடர்ந்தார். பதறும் சுபாவம் கூடியவர்களில், பின்னர் கொடுமையான சம்பவத்தில் மாட்டியவர்களுக்கு மனவடு வரும் வாய்ப்பு உண்மையிலேயே கூடுதலாக இருந்தது. ஆனால் அப்படி மாட்டியவர்களிலும் சிறுபான்மையினருக்குத்தான் நோய் வந்தது. சுபாவம் நிகழ்தகவைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். புகை நிறைந்த அறையில் இரண்டு பேர் இருந்து, இழுப்பு உள்ளவன் முதலில் மூச்சுத் திணறினால் புகை மூட்டியவனை விட்டுவிட்டு அவன் நெஞ்சையா குற்றம் சொல்லுவோம்? 2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வெடித்தது குண்டு. சின்னவனுடைய சுபாவம் அதை வெடிக்க வைக்கவில்லை.

இன்னொன்று, இதைத்தான் நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் கிறிஸ் புரூவின் என்கிற பிரிட்டிஷ் உளவியலாளரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த 77 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். படிப்பு, முன்பே இருந்த மனநலப் பிரச்சினை மாதிரியான பழைய காரணங்களைவிட, சம்பவம் எவ்வளவு கடுமை, அதற்குப் பிறகு ஆளுக்கு ஆதரவு கிடைத்ததா, மேலும் மேலும் நெருக்கடி வந்ததா என்பவைதான் கூடுதலாகக் கணக்கில் வந்தன. அதற்குப் பிறகு! அதாவது வீட்டில் என்ன நடக்கிறது, யார் என்ன சொல்கிறார்கள் என்பது. "பயந்தாங்கொள்ளி" என்ற ஒரு சொல்லை ஒருவன் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் அதை ஆதரவு என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். சின்னவன் பூசைக்குப் போனால் கதவோரக் கடைசி வாங்கில்தான் இருக்கிறான், முதுகில் பாக் மாட்டியவர் யாராவது உள்ளே வந்தால் அவர் உட்காரும்வரை அவன் கண் அவரை விட்டு நகராது, கை வாங்கின் விளிம்பைப் பிடித்தபடியே இருக்கும். இருந்தும் போகிறான் அன்ரி. அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் நெஞ்சுரம் இல்லை என்கிறீர்கள்.

இனிப் பெரியவன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வேலைக்குக் கொச்சிக்கடைப் பக்கம் போகாமல் சுற்றி வேறு பஸ்ஸில் போகிறான், அதைப் பற்றிக் கேட்டால் டிராபிக் என்கிறான். ஜூன் 13 அந்தோனியார் திருவிழா அன்று ஏதோ வேலை வந்துவிடும். அந்தக் காலையைப் பற்றி யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிறான், சிறு பேச்சுக்கும் கத்துகிறான், முன்பு குடிக்காதவன் இப்போது குடிக்கிறான். நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது மனவடு நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. எரிச்சலும் அப்படித்தான். மார்க் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-இல் எழுதிய கருத்தில் ஆளின் குணத்தைப் பொறுத்து மனவடு உள்ளே திரும்பும், அல்லது வெளியே திரும்பும்; உள்ளே திரும்பினால் பயமும் சோர்வும், வெளியே திரும்பினால் கோபமும் குடியும். உங்கள் வீட்டில் இரண்டு பேரையும் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பெரியவனுக்கு நோய் என்று நான் முடிவு சொல்லவில்லை, அதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் தைரியசாலி என்று நீங்கள் மெச்சிக்கொண்டே இருந்தால் அவனுக்கு வாய் திறக்க வழியே இல்லாமல் போய்விடும்.

"சுபாவம் மாறாது, சாகும்வரை அப்படித்தான்" என்பீர்கள். மாறுகிறது. 2017-இல் பிரென்ட் ராபர்ட்ஸும் குழுவும் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிகிச்சைக்குப் பிறகு மிக அதிகமாக மாறியதே அந்தப் பதறும் குணம்தான். மனவடுவுக்கு என்றே பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, நடந்ததைப் பாதுகாப்பான ஓர் இடத்தில் ஒழுங்காகக் கதைத்து, தவிர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வைக்கும் முறை. தேவைப்பட்டால் செர்ட்ராலின் மாதிரி மருந்தும் கொடுப்பார்கள். குணத்தை முழுதாக மாற்ற யாரும் கேட்கவில்லை, நித்திரை வந்தால் போதும், பூசையில் முன் வாங்குக்குப் போக முடிந்தால் போதும்.

தேசிய வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அவசரத்துக்கு 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சின்னவன் கிளினிக்குக்குப் போக ஒத்துக்கொண்டுவிட்டான், தனியாகப் போகத்தான் தயங்குகிறான். அங்கிளை அவனோடு அனுப்புங்கள், நீங்கள் வீட்டில் நின்று, வருகிறவர்களிடம் அவன் எங்கே போனான் என்று விளக்கம் சொல்லாமல் இருங்கள். அப்புறம் பெரியவனிடம் நீங்களே ஒரு தடவை கேளுங்கள், நான் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

அன்புடன்,
எதிர்வீட்டுப் பிள்ளை